“எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, டாக்டரம்மா”

போன மாதம் ஒரு பெண் பிஸ்கட் டின் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு குன்னூரில் உள்ள என் ஆய்வகத்துக்கு வந்தார். உள்ளே பழைய புடவைத் துணியில் சுற்றிய ஐந்து பிளாக்குகள். அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைப்பதைத்தான் பிளாக் என்கிறோம், தீப்பெட்டியைவிடச் சிறியது. இரண்டில் மெழுகு வழிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. எல்லாவற்றின் மீதும் கரி. ஈரம் பட்டுவிடக் கூடாதென்று அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தார்களாம். இந்த மலையின் மழையில் செருப்பே பூஞ்சணம் பூக்கிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மெழுகு உருகினால் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். ஓரத்தில் எழுதிய எண் அழிந்துவிட்டால்தான் கதை முடிந்தது. நல்லவேளையாக மூன்றில் எண் தெரிந்தது.

பிளாக்குகள் அவருடைய அம்மாவின் சினைப்பைப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்தவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சையும் ஆறு கீமோவும் முடிந்தன. இப்போது வயிற்றில் மறுபடி நீர். “அப்போதே ஜீன் டெஸ்ட் செய்யச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை டாக்டரம்மா, அதனால் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டோம்” என்றார்.

இந்த வாக்கியத்தை ஜூன் மாதத்திலிருந்து நான் கேட்பது இது நான்காவது முறை. நான் நோயியல் மருத்துவர். நோயாளிகள் என் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். நான் பார்ப்பது அவர்களுடைய திசுவைத்தான். அப்படிப்பட்ட நானே நான்கு முறை கேட்டுவிட்டேன் என்றால், வெளியே எத்தனை பேர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ!

சரி, உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் குடும்பம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். பாதிக் குடும்பம் இங்கே, பாதி அங்கேயே. “உங்கள் தாத்தாவுடன் பிறந்தவர்கள்?” என்று கேட்டேன். அம்மாவைப் பெற்ற தாத்தா அவர். பெண் யோசித்து, “ஹட்டனில் ஒரு பாட்டி இருந்தார், தாத்தாவின் தங்கை. மகோதரம் வந்து ஐம்பது வயதுக்குள் போய்விட்டார்” என்றார். மகோதரம் என்றால் வயிற்றில் நீர் கோத்து வீங்குவது. அதற்குக் கல்லீரல் காரணமாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், சினைப்பைப் புற்றாகவும் இருக்கலாம். அந்தக் காலத்துத் தோட்ட லயத்தில் யார் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள்? “வயிறு வீங்கிச் செத்தாள்”, “மார்பில் புண் வந்து போனாள்” என்பவையெல்லாம் குடும்ப வரலாறுதான். அதற்குப் புற்றுநோய் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

அடுத்தது, “அது தாத்தா வழி, எங்களுக்கு எப்படி வரும்?” என்ற கேள்வி. வரும். ஜீன் டெஸ்டில் முக்கியமாகத் தேடுவது பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்களில் பிழை இருக்கிறதா என்று; இருந்தால் சினைப்பைப் புற்று வரும் ஆபத்து கூடும். இரண்டும் பால் குரோமோசோமில் இல்லை. ஒன்று 17-ஆவது குரோமோசோமில், மற்றது 13-ஆவதில். அப்பாவிடமிருந்தும் வரும், அம்மாவிடமிருந்தும் வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களுக்குச் சினைப்பை கிடையாது என்பதால் பிழை இரண்டு தலைமுறை சத்தமில்லாமல் ஆண்கள் வழியே இறங்கிவந்து பேத்தியிடம் வெளிப்படும். வீட்டில் ஆண்களே அதிகம் என்றால் வரலாறு சுத்தமாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன? ஆஸ்திரேலியாவில் 1,001 சினைப்பைப் புற்றுநோயாளிகளைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பிழை இருந்தவர்களில் 44 சதவீதத்தினருக்குக் குடும்ப வரலாறே இல்லை. ஆகவேதான், சினைப்பை மேல்படலப் புற்றுநோய் உள்ள எல்லாப் பெண்களுக்கும் சோதனை செய்யுங்கள் என்கிறோம். “குடும்பத்தில் உண்டா” என்று கேட்டு வடிகட்டுகிற காலம் போய்விட்டது. சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொரு குழப்பம்: “ரத்தத்தில் சி.ஏ.125 பார்த்தாயிற்றே.” அது கட்டியால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தின் அளவு, இது மரபணுவில் உள்ள பிழை. அது வேறு, இது வேறு.

சோதனை இரண்டு வகை. ரத்தத்திலோ எச்சிலிலோ பார்ப்பது, பிறவியிலேயே பிழை இருக்கிறதா என்று. கட்டியின் பிளாக்கில் பார்ப்பது, கட்டியில் மட்டும் பிழை உண்டாகியிருக்கிறதா, கட்டியின் மரபணுப் பழுதுபார்ப்பு மொத்தமாகவே கெட்டிருக்கிறதா என்று. இந்த இரண்டாவதற்கு எச்.ஆர்.டி. சோதனை என்று பெயர். சினைப்பைப் புற்றில் வேகமாக வளரும் சீரஸ் என்ற வகையில் ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் அந்தப் பழுது இருக்கும். ரத்தத்தில் ‘இல்லை’ என்று வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். கட்டிச் சோதனை சில பெரிய மரபணு இழப்புகளைத் தவறவிடும் என்பதால் ரத்தத்தையும் விடாதீர்கள்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? மரபணுப் பழுதைச் சரிசெய்துகொள்ள முடியாத கட்டியைத் தாக்கும் ஓலாபரிப், நிராபரிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டு, பி.ஆர்.சி.ஏ. பிழையுடன், முதல் கீமோவுக்குக் கட்டி அடங்கிய பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஓலாபரிப் கொடுத்த ஆய்வில், ஏழு ஆண்டு முடிவில் 67 சதவீதத்தினர் உயிருடன் இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46.5 சதவீதம். எச்.ஆர்.டி. இருந்தால் பெவாசிசுமாப் ஊசியுடன் ஓலாபரிப் சேர்த்தும் தருகிறார்கள். கீமோவுக்கு அடங்காமல் திரும்பி வந்த கட்டிகளில் ஃபோலேட் ஏற்பி என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் மருந்தும் உண்டு; அதையும் இதே பிளாக்கில்தான் பார்க்க வேண்டும். மெதுவாக வளரும் வகையில் கேராஸ், பி-ராஃப் என்ற மரபணுக்களைப் பார்க்கிறோம். எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது, யாருக்கு எது என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தச் சோதனை.

முதல் சுற்று மாத்திரையைக் கடைசி கீமோவுக்குப் பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். சோதனை முடிவு வர மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். எனவே நோய் இன்னதென்று தெரிந்த வாரமே ரத்தம் கொடுங்கள். “கீமோ முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று கிளம்பினால், மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மண்சரிவு போதும், நாள் கடந்துவிடும்.

பிளாக்கை மருத்துவமனை கொடுத்தால் வாங்கி, எண் தெரியும்படி ஒரு டப்பாவில் போட்டு, வெயிலும் அடுப்பும் படாத அலமாரியில் வையுங்கள். ஐந்து பிளாக்கையும் ஒரே இடத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். மலை மருத்துவமனைகளில் அறுவை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திசுவை ஜாம் பாட்டிலில் திணிக்காதீர்கள். மெத்தென்று உள்ளே போனது ஃபார்மலினில் கொழுக்கட்டையாக இறுகிவிடுகிறது, நான் பாட்டிலை உடைத்துத்தான் எடுக்கிறேன். உப்புநீரில் அனுப்புகிறவர்களைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும். அகலவாய் டப்பா, திசுவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின், போட்ட தேதியும் நேரமும், மூன்று நாளுக்குள் என் மேசைக்கு. நாட்கணக்கில் ஊறிய திசுவில் மரபணு துண்டு துண்டாகிவிடும்.

மாத்திரை தொடங்கியவர்கள் மாதாமாதம் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அதை இங்கேயே செய்யலாம், கோவைக்கு இறங்க வேண்டியதில்லை. மேடேறினால் மூச்சு வாங்குவதற்கு மலையின் மேல் பழி போடாதீர்கள், ரத்தசோகை இந்த மாத்திரையின் வழக்கமான விளைவு. பம்பளிமாஸ் வேண்டாம், ஓலாபரிப்பின் அளவு உடலில் ஏறிவிடும்.

பிஸ்கட் டின் கொண்டுவந்த பெண்ணுடைய அம்மாவின் ரத்தத்தில் பி.ஆர்.சி.ஏ.1 பிழை இருந்தது. மறுபடி கீமோ போய்க்கொண்டிருக்கிறது. கட்டி அடங்கினால் இந்த முறை மாத்திரை உண்டு. முதல் முறையே கிடைத்திருக்க வேண்டியது.

மகளுக்கு இருபத்தெட்டு வயது. “தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும்” என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. அறிக்கை அவருக்குச் சொந்தம், ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பிழை உள்ள நூறு பெண்களில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு எண்பது வயதுக்குள் சினைப்பைப் புற்று வருகிறது. மற்றப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தால் முன்னதாகப் பிடித்துவிடலாம் என்பதும் வெறும் நம்பிக்கை. பிள்ளை பெற்று முடித்து, 35–40 வயதில் சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிடுவதுதான் நம்பகமான வழி. அதற்கு அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டு, போன வாரம் தானாகவே வந்து ரத்தம் கொடுத்தார்.

அவருடைய அண்ணன்தான் வரவில்லை. “ஆம்பளைக்கு எதற்கு?” என்கிறாராம். தோட்டத்தில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார், வாரம் இரண்டு முறை என் ஆய்வகத்தைத் தாண்டித்தான் போகிறார். அவருக்கு இரண்டும் பெண் குழந்தைகள்.