400 கிலோமீட்டர் பறக்க ஒரு மணி நேரம் ஏன்?

இரண்டு ஊர்களுக்கு இடையே வான்வழித் தூரம் 400 கி.மீ. ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கி.மீ. கணக்குப்படி அரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். மீதி நேரம் எங்கே போகிறது?

முதலில் தூரம். இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.யை வைத்து உருண்டையின் மேல் உள்ள மிகக் குறைந்த தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். விமானம் அந்தக் கோட்டிலேயே பறந்துவிடாது. எதிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதும்தான் வழக்கம். போக வேண்டிய ஊர் தெற்கே இருக்கிறது, காற்றோ வடக்கிலிருந்து வீசுகிறது என்று வையுங்கள். வடக்குப் பார்த்துக் கிளம்பி, வளைந்து திரும்பித்தான் தெற்கே போக வேண்டும். போய்ச் சேரும் ஊரிலும் அதே காற்று என்றால், ஓடுபாதையைத் தாண்டிப் போய், மறுபடி வடக்குப் பார்க்கத் திரும்பி இறங்க வேண்டும். இதிலேயே சில நிமிடங்கள் கரைந்துவிடும்.

பெரிய செலவு ஏற்றத்திலும் இறக்கத்திலும்தான். இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறார்கள்: 1,000 அடி இறங்க 3 கடல் மைல். 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல் மைல், அதாவது சுமார் 200 கி.மீ. வேண்டும். நம் 400 கி.மீ.யில் பாதி இறங்குவதற்கே போய்விட்டது! ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தேவைப்படலாம். அதனால் குறுகிய தூரத்தில் அவ்வளவு உயரம் போகாமல், கீழேயே நின்றுகொள்வார்கள். அப்புறம், 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. அது மணிக்கு 463 கி.மீ.தான். ஆக, 800 கி.மீ. வேகத்தில் விமானம் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம் மட்டுமே.

ஏடிஆர் போன்ற புரொப்பெல்லர் விமானங்கள் இந்தத் தூரங்களில் சளைக்காமல் ஈடுகொடுப்பது இதனால்தான். அவற்றின் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ., உயரம் அதிகபட்சம் 25,000 அடி. ஏற்ற இறக்கம் குறைவு, எரிபொருளும் மிச்சம். ஜெட்டைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். குறுகிய தடங்களுக்கு இவைதான் பொருத்தம் என்பேன்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபடுவதற்குப் பூமி சுழல்வது நேரடிக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. மேலே வீசும் காற்றுதான் காரணம். அந்தக் காற்றின் கணக்கிலும் ஒரு வினோதம் உண்டு. 700 கி.மீ. தூரம், 800 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று. எதிர்காற்றில் 60 நிமிடம், பின்காற்றில் சுமார் 47 நிமிடம், மொத்தம் 107. காற்றே இல்லையென்றால் போக வர 105 நிமிடம்தான். எதிர்காற்றில் அதிக நேரம் பறப்பதால், அங்கே இழந்ததைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை.

சரி, டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் கணம் முதல், போன ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். நெரிசலுக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்து வைப்பார்கள். பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் பல நேரம் சொன்ன நேரத்துக்கே வந்து நிற்பது அதனால்தான்.