மூச்சு வாங்காமலும் ஆக்சிஜன் குறையும்

நுரையீரல் நோயாளியுடன் வருபவரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "நாலைந்து நாளாக ஆளிடம் ஏதாவது மாற்றம் தெரிகிறதா?" எரிந்து விழுகிறார், சொன்னதையே சொல்கிறார், ராத்திரி புரண்டுகொண்டே இருக்கிறார் என்று பதில் வந்தால், உடனே விரலில், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிவிடுவேன். வயதானால் இப்படித்தான் என்று வீட்டில் விட்டிருப்பார்கள். ஆக்சிஜன் குறைந்தால் மூளை சீக்கிரமே தடுமாறும்.

மூச்சுத்திணறலை மட்டும் நம்பியிருக்க முடியாது. சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் பல வருடமாக இருப்பவருக்கு இளைப்பு பழகிப்போயிருக்கும். கேட்டால் "எப்பவும் இருக்கிறதுதான்" என்பார். அதனால் அவர் உட்கார்ந்திருப்பதையும் பேசுவதையும் கவனியுங்கள். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா? முழங்காலில் கையூன்றிக் குனிந்தே இருக்கிறாரா? மூச்சிழுக்கும்போது கழுத்துத் தசை புடைக்கிறதா? ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. 25 வந்துவிட்டால் தாமதிக்காதீர்கள். எண்ணுவதை அவரிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சின் வேகமே மாறிவிடும்.

உதடு நீலமாகட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அது பிந்தி வரும் அறிகுறி. ரத்தசோகை உள்ளவருக்கு வராமலேயே போகலாம். கருத்த நிறத்தவருக்கு நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள்.

சரி, கருவி இருக்கிறதே என்கிறீர்களா? நகப்பூச்சு, சில்லிட்ட விரல், கை நடுக்கம் எல்லாம் அளவைக் கெடுக்கும். கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். அப்புறம், உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்ப்பது போதாது. நுரையீரல் தழும்பேறிய நோயில் ஓய்வில் 95 சதவீதம் காட்டுபவர், குளியலறை வரை நடந்துவிட்டு வந்தால் 86 காட்டக்கூடும். நடக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதத்தையே இலக்காக வைக்கிறோம். எண்ணை 98-க்கு ஏற்ற வேண்டுமென்று வீட்டில் நீங்களாக ஆக்சிஜனைக் கூட்டினால், சிலருக்கு உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கிவிடும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், கை உதறல் எல்லாம் அதன் அடையாளங்கள். அப்போது கருவி நல்ல எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டால், குழப்பமாகப் பேசினால், எண் எதுவாக இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.