மஞ்சள் நோட்டீஸுக்கு முன்: கடனில் சிக்கிய தொழிலுக்கு எந்த வக்கீல்?

தொழில் நொடித்துவிட்டது என்றதும் ஊரில் முதலில் காதில் விழும் யோசனை, "பேசாம ஐ.பி. போட்டுரு", அதாவது திவால் மனு போட்டுவிடு என்பதுதான். திவால் என்று அறிவிக்கும் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் பணம் கொடுத்தவன் எவனும் வாசற்படி ஏற மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அதை நம்பி, தெரிந்த வக்கீலிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், சில மாதம் கழித்து வீட்டுக் கதவில் வங்கிக்காரர்கள் காகிதம் ஒட்டும்போது திடுக்கிட்டுப் போகிறார்கள். வீட்டை அடமானம் பிடித்த வங்கியை அந்த மனு கட்டுப்படுத்தவே இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது.

வக்கீல் நல்லவர், திறமைசாலி என்பது மட்டும் இங்கே போதாது. நிலத் தகராறில் பேர்போனவர்கூடத் திவால் வழக்கில் தடுமாறலாம். திவால் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் நான்கைந்து சட்டங்களும் வெவ்வேறு மன்றங்களும் இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தொழிலின் வடிவமும், கையில் இருக்கும் நோட்டீஸும்தான் முடிவு செய்கின்றன.

உங்கள் தொழில் எந்த வடிவம்?

ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். புரொப்ரைட்டர்ஷிப்பா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா என்று அதில் இருக்கும். வழி பிரிவது அங்கேதான்.

செய்திகளில் அடிபடும் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம், கம்பெனிகளுக்கும் எல்.எல்.பி. எனும் வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனங்களுக்கும் உரியது. தனிநபர்களைப் பற்றிய அதன் மூன்றாம் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. தனி உரிமையாளராகத் தறி ஓட்டுபவருக்கும், பங்குதாரர்களாகக் கடை நடத்துபவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்தான். சென்னைக்குள் என்றால் 1909ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம். வெளி மாவட்டம் என்றால் 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம், பெரும்பாலும் சப் கோர்ட். ஆகவே ஈரோட்டில் புரொப்ரைட்டராக இருப்பவர், "என்.சி.எல்.டி.யில் போட்டுவிடலாம்" என்று, கம்பெனிகளுக்கான தீர்ப்பாயத்தைக் காட்டிச் சொல்லும் வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டே பார்க்க வேண்டும். ஊர்ப்பேச்சு அதைப் பாதிதான் சொல்கிறது. மனுவில் கடன் கொடுத்தவர்கள் எல்லோருடைய பெயர், முகவரி, தொகை, கூடவே உங்கள் சொத்துப் பட்டியல் முழுவதும் வர வேண்டும். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் சொத்து அபிஷியல் ரிசீவர் கைக்குப் போகிறது. அவர் விற்றுப் பங்கு பிரிக்கிறார். இதோடு கடன் தீர்ந்ததாகப் பலர் நினைக்கிறார்கள், தீரவில்லை. நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் கடனிலிருந்து விடுவிக்கக் கேட்டு நீங்கள் தனியாக மனுப் போட வேண்டும். அதைத் தவறவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகும், கடன் கொடுத்தவர்கள் மறுபடி வரலாம். ஐ.பி. மனு எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று வக்கீலிடம் கேட்பதைவிட, எத்தனை பேருக்கு விடுவிப்பு உத்தரவு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

விடுவிப்பு கிடைத்தாலும் எல்லாம் கரையாது. அடமானம் பிடித்தவரின் உரிமை அப்படியே நிற்கும். அரசுக்குக் கட்ட வேண்டியது நிற்கும். உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானின் பொறுப்பும் நிற்கும்.

கம்பெனியாக இருந்தால் கணக்கே வேறு. 2020 மார்ச் 24 முதல், தவறிய தொகை குறைந்தது 1 கோடி இருந்தால்தான் உங்கள் கம்பெனியை என்.சி.எல்.டி.க்கு இழுக்க முடியும். சரக்குக் கொடுத்தவர் முதலில் டிமாண்ட் நோட்டீஸ் அனுப்புவார். பதில் சொல்ல 10 நாள். சரக்கில் குறை இருந்தது, கணக்கில் தகராறு இருந்தது என்றால் அது நோட்டீஸுக்கு முன்பே எழுத்தில் இருந்திருக்க வேண்டும். பழைய மின்னஞ்சலும் டெபிட் நோட்டும் அன்றைக்குத்தான் கைகொடுக்கும். மனு ஏற்கப்பட்டுவிட்டால் டைரக்டர்களின் அதிகாரம் போய், திவால் தொழில்முறையாளர் ஒருவர் நிர்வாகத்தில் உட்காருவார். கம்பெனி மீதான வழக்குகளும் ஜப்தியும் நிற்கும். ஜாமீன்தாரர் மீது நிற்காது. கம்பெனிக் கடனுக்குச் சொந்த வீட்டை எழுதிக் கொடுத்தவர் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கு 2021இல் வந்த ப்ரீ-பேக் முறை ஒன்று உண்டு, கடன் கொடுத்தவர்களோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு தொடங்குவது. தவறிய தொகை 10 லட்சம் இருந்தால் போதும், நிர்வாகம் உங்களிடமே இருக்கும், 120 நாள் கெடு. ஆனால் தொடங்குவதற்கே, உங்களோடு தொடர்பில்லாத, வங்கி போன்று பணம் கடன் கொடுத்தவர்களில், கடன் மதிப்பில் 66 சதவீதத்துக்கு உரியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கியோடு பேசத் தெரியாத வக்கீலால் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

வங்கி நோட்டீஸின் நாட்கணக்கு

சிறு தொழில்காரர்கள் சொத்தை இழப்பது பெரும்பாலும் திவால் சட்டத்தில் அல்ல, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வங்கி அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிவிடும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தில்தான்.

தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். பிறகு அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ் பதிவுத் தபாலில் வரும். அதில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: வாராக்கடனாக அறிவித்த தேதி, கேட்கும் தொகை, கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம். கவரையும் தூக்கிப் போடாதீர்கள். கையில் கிடைத்த தேதிக்கு அதுவே சாட்சி. பாக்கியைக் கட்ட அதிலிருந்து 60 நாள். இந்த 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தந்தாக வேண்டும். வட்டிக் கணக்கில் பிழை, கட்டிய பணத்தை வரவு வைக்காதது, விவசாய நிலத்தைச் சேர்த்தது எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய இடம் இதுதான். அதை நாலு வரியில் "அவகாசம் தாருங்கள்" என்று எழுதி வீணாக்குவதைக் காணும்போது மனம் பதைக்கிறது.

அடுத்து 13(4) பிரிவு, சொத்தை வங்கி சுவாதீனம் எடுப்பது: கதவில் நோட்டீஸ், இரண்டு செய்தித்தாள்களில் விளம்பரம். அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், அதாவது டி.ஆர்.டி.யில், மனுப் போட வேண்டும். சென்னை, கோவை, மதுரையில் டி.ஆர்.டி. இருக்கிறது. "ஆள்தான் இன்னும் காலி பண்ணலையே, சாவி நம்மிடம்தானே இருக்கிறது" என்று காத்திருந்து கெடுவைத் தொலைப்பவர்கள் நிறைய. நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று ஆசை காட்டுவதும் நடக்கிறது. டி.ஆர்.டி. இருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் இதில் எளிதில் தலையிடக் கூடாது என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்லிவிட்டது.

வங்கி கேட்பது 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டி.ஆர்.டி.யில் கடன் வாங்கியவர் கட்ட வேண்டிய மனுக் கட்டணம் முதல் 10 லட்சத்துக்கு 5,000, மீதி 30 லட்சத்துக்கு லட்சத்துக்கு 250 வீதம் 7,500. மொத்தம் 12,500 ரூபாய். தோற்றுப்போய் மேல்முறையீடு போனால் கடனில் பாதியை, அதாவது 20 லட்சத்தைக் கட்டச் சொல்வார்கள். தீர்ப்பாயம் மனமிரங்கினாலும் 10 லட்சத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. 12,500இல் முடியும் காரியத்தை அரைகுறை வக்கீலிடம் கொடுத்தால் விலை இதுதான். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையும் போய்விடும்.

இதற்கெல்லாம் முந்திய ஒரு கதவு இருக்கிறது. உத்யம் எனும் அரசின் சிறு தொழில் பதிவு பெற்றவர்களுக்கு, 25 கோடி வரையிலான கடனில், கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே சீரமைப்புக் கேட்க வழி உண்டு. வங்கிகள் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, உரிய ஆவணங்களோடு நீங்கள்தான் நேரத்தில் கேட்க வேண்டும், கடைசியில் எழுப்ப முடியாது என்றும் சொன்னது. தவணை முதல் மாதம் தவறும்போதே வக்கீலைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

செக்குகள்

ஜாமீனாகக் கொடுத்த வெற்றுச் செக் திரும்பினால் அது தனி வழி. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்கு. இரண்டாண்டு வரை சிறைக்கு வழியுள்ள குற்றம் இது. ஐ.பி. மனுவைக் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது. தனிநபர் திவால் மனுவால் வரும் இடைக்காலத் தடையும் 138 வழக்கை நிறுத்தாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. உங்கள் வக்கீல் சிவில் மட்டும் பார்ப்பவரானால், மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு யார் போவார் என்று முதல் நாளே கேளுங்கள்.

ஆளைத் தேர்வது

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே "100% கடன் தீர்வு" என்று போஸ்டர் ஒட்டி முன்பணம் கேட்பவர்கள் யாராக இருந்தாலும் ஒதுங்குங்கள். அந்த ஏஜென்சிகளால் உங்களுக்காகக் கோர்ட்டில் நிற்கவும் முடியாது. ஜெயித்தால் சொத்தில் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசுவதும் விதிக்கு விரோதம்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் மாவட்ட நீதிமன்றங்களில் அவர் நடத்தும் வழக்குகள் வரும். டி.ஆர்.டி., என்.சி.எல்.டி. இரண்டும் தினசரி வழக்குப் பட்டியலை வெளியிடுகின்றன. டி.ஆர்.டி.யில் "எஸ்.ஏ." என்பது கடன் வாங்கியவர் போடுவது, "ஓ.ஏ." வங்கி போடுவது. அவர் பெயர் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று பாருங்கள். உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியின் பேனலில், அதாவது அந்த வங்கிக்கு வழக்கு நடத்தும் வக்கீல்கள் பட்டியலில், இருக்கிறாரா என்று நேருக்கு நேர் கேட்பதில் தப்பில்லை. அண்ணன் கடன் வாங்கி, தம்பி ஜாமீன் போட்டிருந்தால் இருவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். இன்று ஒற்றுமையாக இருந்தாலும், யார் சொத்து முதலில் ஏலத்துக்குப் போக வேண்டும் என்ற கேள்வியில் இருவரின் நலமும் எதிரெதிர்தான்.

முதல் சந்திப்புக்கு ஒரே தாளில் பட்டியல் போட்டுக்கொண்டு போங்கள்: யாருக்கு, எவ்வளவு, வாங்கிய தேதி, கடைசியாகக் கட்டிய தேதி, என்ன எழுதிக் கொடுத்தீர்கள் (அடமானம், புரோநோட், வெற்றுச் செக்), ஜாமீன் யார். கந்துவட்டியையும் மறைக்காதீர்கள், மீட்டர் வட்டி, தினவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மறுபக்கத்தில் உங்களுக்கு வரவேண்டிய பாக்கியை எழுதுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் பணம் தராத நிறுவனம், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். அந்தப் பட்டியலை ஏறெடுத்தும் பாராமல் நேரே திவால் மனுவுக்குப் போகிற வக்கீல் பாதி வேலைதான் பார்க்கிறார்.

"முதலில் வீட்டை மனைவி பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள்" என்பவரிடம் ஒரு நிமிடமும் உட்காராதீர்கள். திவால் மனு போடுவதற்கு முந்திய இரண்டாண்டுக்குள் சும்மா எழுதிக் கொடுத்ததை ரிசீவர் கேட்டால் நீதிமன்றம் ரத்து செய்யலாம். சொத்தை மோசடியாக மறைத்ததாகத் தெரிந்தால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. நேற்றுவரை வெறும் கடனாளியாக இருந்தவர் மோசடிக்காரர் ஆகிவிடுகிறார், மனைவியும் வழக்கில் பிரதிவாதியாக நிற்கிறார்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். மனு தயாரிக்க எவ்வளவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியா, மூத்த வழக்கறிஞரை வைத்தால் யார் தருவது, குமாஸ்தா செலவும் கோர்ட் கட்டணமும் இதில் அடக்கமா என்பதெல்லாம் பிரித்து வர வேண்டும். வங்கியோடு ஒரே தவணைத் தீர்வு பேசி முடித்தால் கடிதத்தில் தொகையும் தேதியும் இருக்க வேண்டும். சொன்ன தேதி தப்பினாலும் சலுகை ரத்து என்ற நிபந்தனை அநேகமாக உள்ளே இருக்கும். கட்டி முடித்ததும் மூலப் பத்திரத்தைத் திருப்பி வாங்கி, அடமான ரத்தைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது வரை வக்கீலின் வேலையில் அடக்கமா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.