புளி போட்டுத் தேய்த்த சோழர் காசு

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தாத்தா விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் பழைய காசுகள் இருக்கின்றன. ஓட்டைக் காலணா நாலைந்து, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காலணா சில. அவற்றோடு, சரியான வட்டமாகக்கூட இல்லாத இரண்டு கறுத்த செப்புக் காசுகள். பல வருடங்களுக்கு முன் வயலில் உழும்போது கிடைத்தவை என்று பாட்டி சொன்னாராம். போன பொங்கலுக்குப் பாத்திரம் விளக்கியபோது இவற்றையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறார். எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. கார்த்திகை மழை முடிந்து டப்பாவைத் திறந்தால், காலணாக்கள் மங்கியிருந்தன, அவ்வளவுதான். அந்த இரண்டு காசுகளில் மட்டும் வெளிர்பச்சையாக மாவு போல ஏதோ பூத்திருந்தது. துடைத்தால் போகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது. "இது பூஞ்சையா? மற்ற காசுகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?" என்று கேட்டிருந்தார்.

படமும் அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்து. 'ஸ்ரீ ராஜராஜ' என்று படிக்கலாம். கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன் பெயரில் வெளியான காசு. இதே அமைப்பைப் பின்னாளில் இலங்கை அரசர்களும் பின்பற்றினார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிறையவே கிடைக்கும் வகைதான், லட்சக்கணக்கில் விலை போகாது. ஆனால் ஆயிரம் வருடம் மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்த ஒரு காசு, ஒரே மழைக்காலத்தில் நம் வீட்டு அலமாரிக்குள் மாவாக உதிர்வது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அதனால்தான் இந்த வாரம் முழுக்க இந்த ஒரு கேள்விக்கு.

அது பூஞ்சை இல்லை. அருங்காட்சியக வேதியியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வெண்கல நோய். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பாக்டீரியா தொற்று என்றே சிலர் நினைத்தார்கள். புள்ளியாகத் தொடங்கிப் பரவுவதையும் துடைத்தாலும் திரும்பி வருவதையும் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. இது உயிர் சம்பந்தப்பட்டதல்ல, ஒரு வேதிச் சுழற்சி என்று 1890-களில் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலன் பெர்தலோ.

முதலில், செம்பு சாதாரணமாக எப்படி மாறுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பள்ளியில் படித்ததுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு செம்பின் மேல் செம்பழுப்பாக குப்ரஸ் ஆக்சைடு படியும். ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் அதற்கு மேல் பச்சையாகக் கார்பனேட் படியும். நம் ஊரில் இதைத்தான் களிம்பு என்கிறோம். உயிரோடு ஆணவ மலம் ஒட்டியிருப்பதற்கு சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. மேலே வந்து ஒட்டிய அழுக்கு அல்ல, செம்போடு கூடவே இருப்பது என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வேதியியலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. களிம்பில் இருப்பதும் செம்புதான்.

இது நாணயம் சேர்ப்பவர்களுக்கு ரொம்ப முக்கியமான செய்தி. மண்ணுக்குள் இருக்கும் காசு மெல்ல மெல்ல, அணு அணுவாகக் களிம்பாக மாறுகிறது. அப்படி நிதானமாக மாறும்போது, அச்சடித்த அன்று இருந்த மேற்பரப்பு எங்கே இருந்ததோ, அதன் வடிவம் குப்ரஸ் ஆக்சைடு அடுக்கிலேயே பதிந்து நின்றுவிடும். உருவமும் எழுத்தும் உலோகத்தில் இருப்பதாக நினைக்கிறோம். மிகப் பழைய காசுகள் பலவற்றில் அவை இருப்பது களிம்பில்தான்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் என் தாய்மாமா இரண்டு காசுகள் கொடுத்தார். ஒன்று சங்க காலச் சதுரக் காசு, கரூர்ப் பக்கம் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் வகை. முன்பக்கம் யானை. கறுப்பாக இருக்கிறதே என்று எலுமிச்சைச் சாற்றில் ஒரு இரவு போட்டேன். காலையில் செம்பு செக்கச்செவேலென்று இருந்தது. யானை இல்லை. இப்போதும் அந்தக் காசை வைத்திருக்கிறேன்.

சரி, நோய்க்கு வருவோம். இதற்குத் தேவையான ஒரே புதுப் பொருள் குளோரைடு, அதாவது உப்பு. டெல்டா மண்ணிலும் கடற்காற்றிலும் நம் உள்ளங்கை வியர்வையிலும் அது இருக்கிறது. மண்ணில் கிடக்கும் காசு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அரிக்கப்படுவதில்லை, சில இடங்களில் குழி விழும். குழியின் அடியில் செம்பு அணு ஒரு எலக்ட்ரானை விட்டுவிட்டு நேர்மின் அயனியாக மாறுகிறது. அங்கே நேர்மின்சுமை கூடக் கூட, அதைச் சமன் செய்ய எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகள் மண்ணின் ஈரத்திலிருந்து குழிக்குள் இழுக்கப்படுகின்றன. இரண்டும் சேர்ந்து குப்ரஸ் குளோரைடு ஆகின்றன. மெழுகு போல, வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும். சிலி நாட்டில் நான்டோகோ என்ற ஊரில் கிடைத்ததால் கனிமவியலில் இதன் பெயர் நான்டோகைட். அதற்கு மேல் ஆக்சைடும் கார்பனேட்டும் மூடிபோட்டது போல வளர்ந்துவிடும். ஆழத்தில், ஆக்சிஜன் அதிகம் எட்டாத இடத்தில், இப்படியே நூற்றாண்டுக்கணக்கில் தூங்கும்.

காசு வெளியே வந்து, மூடியில் ஒரு விரிசல் விழுந்து, ஈரக்காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு குப்ரஸ் குளோரைடு, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் சேர்கின்றன. கிடைப்பது அந்த வெளிர்பச்சைப் பொடி. வேதியியலில் இது செம்பின் ஹைட்ராக்சி குளோரைடு. இதன் ஒரு வகைக்கு அட்டகமைட் என்று பெயர், அதுவும் சிலியின் அட்டகாமா பாலைவனத்தை வைத்து வந்ததுதான். ஆனால் என்னை இருபது வருடமாக விடாமல் பிடித்து வைத்திருப்பது குளோரின் கணக்கு. உள்ளே போனவை நான்கு குளோரின். பச்சைப் பொடியில் அடைபடுபவை இரண்டு மட்டுமே. மீதி இரண்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியே வருகின்றன. குழிக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க நல்ல செம்பு. அந்த அமிலம் ஆக்சிஜன் துணையோடு அதைக் கரைத்துப் புதிதாக குப்ரஸ் குளோரைடு செய்கிறது. அதன் மேல் மறுபடி ஈரம் படுகிறது, மறுபடி பச்சைப் பொடி, மறுபடி அமிலம். கூடு விட்டுக் கூடு பாய்வது போல, பழைய உடலை உதறிவிட்டு அடுத்த செம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது குளோரின்.

நீங்கள் துணியால் துடைத்து எடுப்பது வெளியே தள்ளப்பட்ட பொடியை. வேலை செய்பவன் குழியின் அடியில் இருக்கிறான். பத்து நாளில் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான்.

உதிர்வதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு பங்கு செம்பு அட்டகமைட்டாக மாறினால் ஏறத்தாழ நான்கு பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். குழிக்குள் அவ்வளவு இடம் ஏது? கோபுர இடுக்கில் முளைத்த அரசங்கன்று வேர் பருத்துச் செங்கல்லைப் பிளப்பது போல, பொடி உள்ளிருந்து நெம்புகிறது. எழுத்து தாங்கிய களிம்பு அடுக்கு செதில் செதிலாகப் பெயர்ந்து விழுகிறது. கடற்கரை ஊர்களில் வீட்டு சன்ஷேடு வெடித்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரியும் அல்லவா, அங்கே உலோகம் இரும்பு. மற்றபடி தூண்டிவிடும் உப்பும் பருத்துப் பிளக்கும் விதமும் அதேதான்.

இப்போது புளிக்கு வரலாம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைத்து எடுத்துவிடும். செப்புக்குடம் பளபளப்பது அதனால்தான். குடத்தின் பரப்பு வழவழப்பானது. நிறையத் தண்ணீரில் அலசுகிறோம், துடைக்கிறோம், உப்பு தங்க இடமில்லை. ராஜராஜன் காசோ குழி குழியாக, உள்ளே நுண்ணிய துவாரங்களோடு இருக்கிறது. புளி அதன் மூடியைத் திறந்துவிட்டது. கூடப் போட்ட உப்பு, ஏற்கனவே குழிக்குள் இருந்த குளோரைடுக்கு இன்னும் ஆள் சேர்த்தது. மேலோட்டமாக அலசினால் அது வெளியே வராது. அப்புறம் மழைக்காலம். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்ட வெண்கலக் காசு. மண்ணில் புதையாமல் கைகளிலும் டப்பாவிலுமே காலம் கழித்தது, அதனால் தப்பித்தது.

ஒட்டுமா என்ற கேள்விக்கு, கிருமி போல ஒட்டாது என்பதே பதில். ஆனாலும் பொடியிலும் அமிலத்திலும் குளோரைடு இருக்கிறது. நோயுள்ள காசைத் தனியாக வைப்பதே நல்லது.

இந்த நோயோடு நம் சென்னைக்கு ஒரு பழைய உறவு உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளை இது அரித்துக்கொண்டிருந்தது. அவற்றுக்குச் சிகிச்சை செய்வதற்காக 1930-ல் அங்கே ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டு, எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் நியமிக்கப்பட்டார். சிலையை எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தி, குளோரைடை வெளியே இழுக்கும் முறையைக் கையாண்டார். பின்னாளில் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் ஆராய்ந்தவர் அவர். ஒரு நடராசர் முன் நாம் நின்று கண்ணீர் விட முடிகிறது என்றால், அதில் உப்பை வெளியேற்றிய ஒரு வேதியியலாளரின் பங்கும் இருக்கிறது. இன்று அகழாய்வுகளுக்குப் பணமும் கவனமும் கிடைக்கின்றன, மனதார மகிழ்கிறேன். ஆனால் குழியிலிருந்து எடுத்த மறுநாள் முதல் அந்தப் பொருளைக் காப்பாற்றும் வேலைக்கும் அதே அக்கறை வேண்டும். ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்திலும் ஒரு வேதியியல் பட்டதாரிக்கு வேலையும், ஈரம் புகாத ஓர் அறையும் கொடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். மண்ணிலிருந்து எடுத்துவிட்டுப் பாதுகாக்காமல் வைப்பதற்கு, மண்ணிலேயே விட்டுவைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய செப்புக் காசு கையில் இருக்கிறது என்று தெரிந்தால் யாராவது ஒருவர் வந்து 'ரைஸ் புல்லிங்' பற்றிப் பேசுவார். அரிசியை இழுக்கும் காசு, உள்ளே இரிடியம் இருக்கிறது, கோடிக்கணக்கில் விலை என்பார்கள். அரிசியை இழுக்கும் உலோகம் எதுவும் கிடையாது, இரிடியத்தைக் காந்தம்கூட ஈர்க்காது. அரிசியில் இரும்புத்துகளைச் சேர்த்து, காசுக்கு அடியில் காந்தத்தை வைத்தால் எவராலும் அந்த வித்தையைச் செய்துகாட்ட முடியும். 1818 என்று ஆண்டு போட்டு ராமரும் அனுமனும் இருக்கும் 'கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு'ம் அப்படித்தான். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிடவே இல்லை. சேமிப்பு முழுவதையும் இதில் தொலைத்த குடும்பங்கள் இருக்கின்றன. இதை நம்பச் சொல்பவர் உறவினராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

சரி, அந்த இரண்டு காசுகளை என்ன செய்வது? முதலில் மரக் குச்சியால் பச்சைப் புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக இருந்தால் அது நல்ல களிம்பு, தொடவே வேண்டாம். வெளிறிய பொடியாக உதிர்ந்தால் நோய். பொடியை மென்மையான பிரஷ்ஷால் நீக்கிவிட்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் காசை ஊறப்போடுங்கள். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் கூடாது, அவற்றிலேயே குளோரைடு உண்டு. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். குழிக்குள் இருக்கும் குளோரைடு செறிவு குறைந்த நீரை நோக்கி மெதுவாக வெளியே வரும், மாதக்கணக்கில் ஆகும். பிறகு நன்றாக உலர்த்தி, ஷூ பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் வைத்துவிடுங்கள். ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குப்ரஸ் குளோரைடு கிட்டத்தட்ட உறங்கிவிடும். நம் கடற்கரை ஊர்களின் காற்று பெரும்பாலான நாட்கள் அதைவிட மிக அதிக ஈரத்தோடு இருக்கிறது. அதனால் பாட்டில் கட்டாயம். பி.வி.சி. உறை போட்ட ஆல்பம் மட்டும் வேண்டாம். பழசாகும்போது அந்தப் பிளாஸ்டிக்கே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிடும்.

மாமா கொடுத்த இரண்டாவது காசு நாயக்கர் காலத்துச் சிறு செப்புக்காசு. அதிலும் இந்தப் பச்சைப் பொடி வந்தது. இந்த முறை டிஸ்டில்டு வாட்டரில் போட்டேன். ஒவ்வொரு வாரமும் மாற்றிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவேன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் செய்தோமே, அதே சோதனை. தண்ணீரில் குளோரைடு இருந்தால் வெளுக்கும். முதல் வாரம் பால் ஊற்றியது போல வெளுத்தது. இரண்டாம் மாதம் லேசான புகை மாதிரி. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொட்டு விட்டு, சோதனைக் குழாயைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கலங்கவே இல்லை.