கார்னேஷன் புரட்சி: சொல் விளக்கம்

போர்ச்சுக்கலில் 1974 ஏப்ரல் 25 அன்று இளநிலைப் படை அதிகாரிகள், பெரும்பாலும் கேப்டன்கள், நாற்பதாண்டுகளைக் கடந்த சர்வாதிகாரத்தை ஒரே நாளில் வீழ்த்திய நிகழ்வைக் கார்னேஷன் புரட்சி என்கிறோம். போர்த்துக்கீசிய மூலப்பெயரில் கார்னேஷன் பூவைக் குறிக்கும் 'க்ராவு' என்ற சொல், ஆணி எனப் பொருள்படும் 'கிளாவுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆணி வடிவிலுள்ள கிராம்பும் அம்மொழியில் க்ராவுதான். இரண்டையும் பிரித்தறியக் கிராம்பை 'இந்தியக் க்ராவு' என்பர். கார்னேஷன் பூவில் கிராம்பின் மணம் வீசுவதை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் ஒற்றுமை வியப்பளிக்காது.

பூ அரசியலுக்குள் வந்தது தற்செயலாகத்தான். நள்ளிரவு கடந்து 12.20 மணிக்கு வானொலியில் 'கிராந்தோலா, விலா மொரேனா' என்ற பாடல் ஒலித்ததும், அதையே அடையாளக் குறியாகக் கொண்டு படைகள் லிஸ்பனை நோக்கிப் புறப்பட்டன. மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டுமென்று வானொலியில் திரும்பத் திரும்ப அறிவித்தும், அவர்கள் தெருவில் திரண்டனர். உணவகப் பணியாளர் ஒருவர், சிகரெட் கேட்ட படைவீரருக்குக் கொடுக்கத் தம்மிடம் வேறெதுவும் இல்லாததால் கையிலிருந்த கார்னேஷனை நீட்ட, அதை அவர் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டார். சிறிது நேரத்தில் நகரெங்கும் துப்பாக்கிகள் பூத்தன. மாலையில், கார்மு சதுக்கப் படைத்தளத்தில் தஞ்சமடைந்திருந்த பிரதமர் மார்செலு கயித்தானு ஆட்சியை ஜெனரல் ஸ்பினோலாவிடம் ஒப்படைத்தார். இதனை 'இரத்தம் சிந்தாத' என்று அடைமொழியிட்டு எழுதுவது முழு உண்மையன்று. அன்று இரகசியக் காவல்துறையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்வைத் தமிழில் 'இராணுவப் புரட்சி' என்று எழுதுவோர் உண்டு. அத்தொடரில்தான் சிக்கல் இருக்கிறது. பிரெஞ்சு மொழியிலிருந்து உலகெங்கும் பரவிய 'கூ தெத்தா' என்பதற்கு 'அரசுக்கு விழும் அடி' என்பது நேர்ப்பொருள். ஆயுதக் குழு ஒன்று மேலிருந்து ஆட்சியைப் பறிப்பதையே அது சுட்டும். தமிழ்ப் 'புரட்சி'யோ 'புரள்' என்ற வினையடியாகப் பிறந்து, சமுதாயமே தலைகீழாகப் புரள்வதைச் சொல்வது. ('புரட்டு'ம் அதே குடும்பத்துச் சொல் என்பதைச் சர்வாதிகாரிகளின் 'புரட்சி'களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.) தளபதிகள் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு நாற்காலியில் அமர்வதை நாளிதழ்கள் 'இராணுவப் புரட்சி' என்றே எழுதிப் பழகியதால், இவ்விரு பொருள்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இலங்கைத் தமிழில் வழங்கும் 'சதிப்புரட்சி' இதைவிடக் கூர்மையானது என்றாலும், அதிலும் புரட்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஆட்சிக் கவிழ்ப்பு' பொருத்தமான சொல். ஆனால் கட்சித் தாவலால் அமைச்சரவை விழுவதையும் அது குறிப்பதால், 'படைவழி ஆட்சிக் கவிழ்ப்பு' என்று எழுதுவதே ஐயத்துக்கு இடமளிக்காது.

பூவின் பெயரைப் பொறுத்தவரை, நீலகிரியில் பசுமைக்குடில் அமைத்து இதைப் பயிரிடுவோரே கார்னேஷன் என்றுதான் சொல்கிறார்கள். புதுப்பெயர் தேடத் தேவையில்லை. 'மலர்ப் புரட்சி' என்று பொதுவாகச் சொன்னால் ஜார்ஜியாவின் ரோஜாப் புரட்சியும் துனீசியாவின் மல்லிகைப் புரட்சியும் குறுக்கே வரும்.

அப்படியானால் ஏப்ரல் 25 கவிழ்ப்பா, புரட்சியா? ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் 1961 முதல் நீண்ட போரால் சலித்த அதிகாரிகள் திட்டமிட்டது கவிழ்ப்பைத்தான். ஆனால் பறித்த ஆட்சியை அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை: சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 25இல், அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது, அச்சபை இயற்றிய அரசமைப்புச் சட்டம் 1976இல் அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. அதன் முகவுரை, அந்த அதிகாரிகளின் அமைப்பான ஆயுதப்படை இயக்கம் பாசிச ஆட்சியை 'வீழ்த்தியது' என்று வினையைப் படைக்குக் கொடுத்துவிட்டு, மக்களுக்கு அடிப்படை உரிமைகளை மீட்டளித்ததைச் சொல்லுமிடத்தில் மட்டும் 'புரட்சி' என்ற பெயரை எழுவாயாக்குகிறது.