சைட்டில் நிற்பவர் கையில் போனைக் கொடுங்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேளச்சேரி பக்கம் ஒரு ஃபிளாட். குளியலறைச் சுவரில் பாதி உயரத்துக்கு டைல்ஸ் ஏறிவிட்டிருந்தது. உள்ளே வந்த வீட்டுக்கார அம்மா அப்படியே நின்றுவிட்டார். "நான் இதைச் சொல்லலையே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வெள்ளிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப் குரூப்பில், "பளபளப்பு வேண்டாம், மேட் ஃபினிஷ் போட்டுடுங்க" என்று எழுதியிருந்தார். எங்கள் டிசைனர் அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார். அதன்மேல் நாற்பது போட்டோ, இரண்டு பில், ஒரு பிறந்தநாள் வாழ்த்து என்று வந்து விழுந்துவிட்டன. சனிக்கிழமை விடிகாலையில் கொத்தனாருக்கு டைல்ஸ் இறக்கிக் கொடுத்த சூப்பர்வைசர் கண்ணில் அந்தச் செய்தி படவே இல்லை. போட்டதையெல்லாம் உளி வைத்துக் கொத்தி எடுத்தோம்.

சென்னையில் இன்டீரியர் வேலைகளை ஒருங்கிணைப்பதுதான் என் தொழில். ஒரே சமயத்தில் ஏழெட்டு சைட் ஓடும். அன்றைக்கு யாரும் வேலையில் மெத்தனமாக இல்லை. எல்லாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஓடுகிற குழுவில் வேலை தவறுவது இப்படித்தான்: முடிவு எடுத்தாகிவிடும், ஆனால் அது போய்ச் சேர வேண்டியவரிடம் சேராது.

அந்த வாரமே ஒரு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் வாங்கினோம், யார் எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும் என்று குழுவே ஒரே இடத்தில் பதிந்து பார்ப்பது. அதை எப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது, எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். விற்க வந்தவர் பெரிய திரையில் காட்டினார். வண்ண வண்ணப் பட்டைகள், ரிப்போர்ட், டேஷ்போர்டு. எனக்குப் பிடித்துப் போனது. 18 பேருக்கு ஒரு வருடச் சந்தா கட்டினோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதில் பதிவு போடுவது நானும் அலுவலகத்தில் ஒரு பெண்ணும் மட்டும்தான். சூப்பர்வைசர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை இரவு உட்கார்ந்து நாங்கள்தான் அதில் ஏற்றினோம். மேசையில் உட்கார்ந்திருக்கும் நான், மேசையே இல்லாதவர்களுக்காகத் தேர்ந்தெடுத்தது தப்பு. அதற்குப் பிறகு இதே தப்பைப் பல குழுக்களில் பார்த்துவிட்டேன். மென்பொருள், விளம்பரம், கல்யாண ஏற்பாடு என்று தொழில்தான் மாறுகிறது.

இரண்டாவது முறை, எந்தச் சாஃப்ட்வேரையும் திறந்து பார்ப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்கினேன். ஒரு வாரம் முழுக்க, "அது என்ன ஆச்சு?" என்று எங்களுக்குள் யார் யாரைக் கேட்டாலும் அதில் குறித்து வைத்தோம். வாரக் கடைசியில் படித்துப் பார்த்தபோது முக்கால்வாசிக் கேள்விகள் மூன்றே வகை. கடைசி டிராயிங் எது? பொருள் வந்துவிட்டதா? கிளையன்ட் ஓகே சொல்லியாச்சா? நான் முதலில் காசு கொடுத்து வாங்கிய வண்ணப் பட்டைகள் இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. இந்த ஒரு வார நோட்டை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

அந்தப் பட்டைகளுக்கும் ஒரு இடம் இருக்கிறது. எந்த வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்று பட்டையாகக் காட்டும் அந்தப் படத்துக்கு கான்ட் சார்ட் என்று பெயர். ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் நூறு வருடத்துக்கு முன் பிரபலமாக்கியது. ஒரு வேலை முடியாமல் அடுத்தது தொடங்கவே முடியாது என்கிற இடத்தில் அது உயிர் காக்கும். குளியலறையில் வாட்டர்ப்ரூஃபிங் அடித்து, தண்ணீர் கட்டி, கசிவில்லை என்று பார்த்த பிறகுதான் தரையில் டைல்ஸ் போடலாம். ஏசியின் செம்புக் குழாயும் மின்சாரப் பைப்பும் ஓடி முடிந்த பிறகுதான் ஃபால்ஸ் சீலிங்கை மூடலாம். இப்படிச் சங்கிலியாக வரும் வேலை உங்களிடம் நிறைய இருந்தால் கான்ட் வசதி கட்டாயம் வேண்டும்.

வேலைகள் தனித்தனியாக வந்து, கைமாறி, முடிந்து போகிறவை என்றால் பலகையும் கார்டும் போதும். 'செய்ய வேண்டியது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று பத்திகள், ஒரு வேலைக்கு ஒரு கார்டு. டொயோட்டா தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் முறையிலிருந்து வந்தது இது. அடுத்த கட்டத்தில் இருப்பவர் கேட்டால்தான் முந்தின கட்டத்தில் பொருள் செய்வார்கள், கேட்பதற்கு அடையாளம் ஒரு அட்டை. 2011-ல் வந்த ட்ரெல்லோ அந்த அட்டையைத் திரைக்குக் கொண்டுவந்து பரவலாக்கியது. இன்று ஆசானா, ஜிரா, நம் சென்னையிலிருந்து வரும் ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் என்று எதைத் திறந்தாலும் பலகையும் உண்டு, காலக்கோடும் உண்டு. அதனால் வசதிப் பட்டியலை ஒப்பிட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ஒப்பிட வேண்டியது வேறு.

நான்கு சாஃப்ட்வேர்களின் இலவச சோதனையைப் போனில் ஏற்றிக்கொண்டு, டைல்ஸ் விஷயத்தில் மாட்டிய அதே சூப்பர்வைசரிடம் போனேன். அன்று அவர் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் பைப் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் சிமென்ட். போனைக் கொடுத்து, "இந்த வால்வை ஒரு போட்டோ எடுத்து, இந்த வீட்டுக் கார்டில் போடுங்கள்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று அவர் விரல் எத்தனை முறை திரையில் படுகிறது என்று எண்ணினேன். ஒன்றில் ஒன்பது முறை. இன்னொன்றில் நான்கு. மூன்றாவது, சிக்னல் இல்லாததால் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் போட்டோவைத் தொலைத்துவிட்டது. நான்காவதில் கார்டு எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அவர் போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "சார், அந்த நாலு தட்டு தட்டறதுதான். அதுன்னா நான் போட்டுடுவேன்" என்றார். எனக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை, ரிப்போர்ட்டும் சுமார்தான். ஆனால் அதைத்தான் வாங்கினோம்.

உங்கள் குழுவில் இந்த இடத்தில் இருப்பவர் யார் என்று யோசியுங்கள். ஒரு நாளில் அதிகம் குறுக்கீடு வருகிறவர், ஒரு கையில்தான் போனைப் பிடிக்க முடிகிறவர். அவர் போட்டால்தான் உள்ளே உண்மை இருக்கும். அவர் போடாவிட்டால் மேலே எவ்வளவு அழகான ரிப்போர்ட் வந்தாலும் அது பழைய கதைதான்.

தமிழில் எழுதும் குழு என்றால் இன்னும் இரண்டு சோதனை. தமிழில் தட்டச்சு செய்வது எல்லாவற்றிலும் நடக்கும். தேடினால் கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பிடிஎஃப் ஆகவும் எக்செல் ஆகவும் இறக்கிப் பாருங்கள். பிடிஎஃபில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதையும், சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமித்தது) எக்செல்லில் நேராகத் திறந்தால் தமிழ் கிறுக்கலாக வருவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் தாளைத்தான் நாளை கிளையன்டிடம் நீட்டப் போகிறீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தலைக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் விலை, அதுவும் பல நிறுவனங்களில் டாலரில். 18% ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், வெளிநாட்டு பில்லை எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். கிளையன்டையும் வெளி கான்ட்ராக்டரையும் விருந்தினராகச் சேர்த்தால் அவர்களும் தலைக்கணக்கில் வருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜிரா 10 பேர் வரை இலவசம். பதினோராவது ஆள் சேரும் மாதம் முழுக் குழுவுக்கும் காசு கட்ட வேண்டிவரும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். முதல் தடவை வருடச் சந்தா வேண்டவே வேண்டாம்.

வெளியே வரும் வழியையும் உள்ளே போகும்போதே பார்த்துவிட வேண்டும். 2022 ஏப்ரலில், ஜிராவை நடத்தும் அட்லாசியன் நிறுவனத்தில், பழைய செயலி ஒன்றை நீக்க ஓட்டிய ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல் வாடிக்கையாளர்களின் தளங்களையே அழித்துவிட்டது. 775 வாடிக்கையாளர்களுக்கு ஜிரா உள்ளிட்டவை கிடைக்கவில்லை, சிலருக்கு 14 நாள் வரை. உலகம் முழுக்க நம்பும் பெரிய நிறுவனம் அது. லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் வாங்கி 2020-ல் மூடியது. பிவட்டல் ட்ராக்கர் என்ற ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர் 2025 ஏப்ரல் 30-ஓடு நின்றது. ஆகவே சோதனைக் காலத்திலேயே எல்லாவற்றையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கார்டின் தலைப்பு மட்டும் வருகிறதா, கமென்ட்டும் போட்டோவும் சேர்ந்து வருகிறதா? போட்டோ வரவில்லை என்றால் எங்கள் தொழிலில் அது வெறும் பெயர்ப் பட்டியல். சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இருந்தால் ரெட்மைன், ஓப்பன்ப்ராஜெக்ட் போன்ற, நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்தமூல மென்பொருட்கள் இருக்கின்றன. அப்படி ஒரு ஆள் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வாங்கிய பிறகு வாட்ஸ்அப்பை ஒழிக்கப் பார்க்காதீர்கள், நடக்காது. நாங்கள் ஒரே ஒரு விதி வைத்தோம்: குரூப்பில் பேசுவது பேச்சு, கார்டில் ஏறினால்தான் முடிவு. கிளையன்ட் இரவு பத்து மணிக்கு ஏதாவது மாற்றச் சொன்னால், பார்த்தவர் அதைக் கார்டில் போட்டுவிட்டு, கார்டின் லிங்க்கைக் குரூப்பில் திருப்பிப் போட வேண்டும். வெறும் கட்டைவிரல் செல்லாது.

இதைவிடக் கஷ்டமானது முதலாளி விஷயம். எங்கள் முதலாளி முதல் மாதம் பழக்கப்படி நேராகப் போன் போட்டு, "அந்த வார்ட்ரோப் என்னய்யா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனில் பதில் சொல்லிவிட்டால் போதும் என்றால் யார் கார்டைத் தொடுவார்? அவரிடம் உட்கார்ந்து பேசினேன். திங்கள் காலை பலகையைத் திறந்து வைத்து, அதில் இருப்பதை மட்டும் கேட்பது என்று ஒப்புக்கொண்டார். கார்டில் இல்லாத வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, கார்டில் தாமதம் என்று போட்டவரைத் திட்டவும் இல்லை. இரண்டாவது முக்கியம். உண்மையைப் பதிந்ததற்காக ஒருவர் திட்டு வாங்கினால் அடுத்த வாரத்திலிருந்து எல்லாருடைய கார்டும் 'நடக்கிறது' பத்தியிலேயே நிற்கும்.

நான்கு தட்டில் போட்டோ ஏற்றிய அந்த சூப்பர்வைசர் போன வாரம் கூப்பிட்டார். பலகையில் இன்னொரு பத்தி வேண்டுமாம். 'மாதிரி டைல்ஸைக் கிளையன்ட் நேரில் பார்த்தாச்சு' என்று பெயர் வைக்கச் சொன்னார். சேர்த்திருக்கிறேன், 'பொருள் ஆர்டர்' பத்திக்கு முன்னால்.