இது எந்த அழுகை?

சில வருடங்களுக்கு முன், இலங்கையில் எங்கள் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் ஒரு பாடசாலை மைதானத்தில் நாடகம் போட்டோம். கடல் அனர்த்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சனத்துக்குச் சொல்லும் நாடகம். கடலில் மகனைப் பறிகொடுத்த தகப்பனாக நான் நடித்தேன். மகனின் சட்டையைக் கையில் எடுத்ததும் தலையில் அடித்துக்கொண்டு கதறுவேன். சனம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் நல்ல கைதட்டல். ஒப்பனையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வயதான ஒரு உம்மா கிட்ட வந்து நின்றார்.

"மகன், நல்லாச் செஞ்சீங்க. ஆனா புள்ளயக் கடலுக்குக் குடுத்த வாப்பா இப்படிக் கத்த மாட்டார். கத்துறதுக்கு அவருக்கிட்ட மூச்சு இருக்காது."

2004 டிசம்பர் 26ஆம் திகதி கிண்ணியா என்ன பாடுபட்டது என்று எங்கள் மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. அவர் யாரை நினைத்து அதைச் சொன்னார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வரும்வரை அந்தச் சொல் கூடவே வந்தது. அடுத்த நாள் குறிப்பெழுத ஒரு கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் எழுதினேன்: "நேற்று நான் யாருக்காக அழுதேன்? கைதட்டலுக்காக."

இருபது வருடத்துக்கு மேலாக நடித்து வருகிறேன். மேடை, வீதி நாடகம், வானொலி, குறும்படம், எப்போதாவது கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நாடகம். பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கவும் செய்கிறேன். இந்தத் தொழிலில் திறமை இல்லாமல் ஒதுங்கியவர்களை விட, மனம் சோர்ந்து ஒதுங்கியவர்களைத்தான் நான் கூடக் கண்டிருக்கிறேன். அவர்களில் பலர் என்னை விட நல்ல நடிகர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவதுதான் மெய்ப்பாடு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நாடகம் படித்த எல்லோரும் நகை, அழுகை, இளிவரல் என்று வரிசையாகச் சொல்வார்கள், பரீட்சைக்கு எழுதுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். எனக்கு அதில் பெரிதாகப்பட்டது அடுத்த படி. அழுகை நான்கு இடங்களில் பிறக்கும் என்று பிரிக்கிறது அந்த நூல்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் தாழ்த்தியதால் வருவது இளிவு. உயிரோ பொருளோ போனதால் வருவது இழவு. முன்பிருந்த நல்ல நிலை கெட்டுத் தளர்வதால் வருவது அசைவு. இல்லாமையால் வருவது வறுமை. கண்ணீர் ஒன்றுதான், ஊற்று நான்கு. கிண்ணியாவில் நான் அழுதது இந்த நான்கில் எதுவுமே இல்லை. கோபத்தை அழுகை மாதிரி உரத்துக் காட்டியிருக்கிறேன். உம்மாவுக்கு அது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் இது எந்த அழுகை என்று கேட்டுக்கொள்வேன். ஆனால் என் சொந்தச் சோர்வைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்க எனக்கு வெகுகாலம் தோன்றவில்லை.

ஒருமுறை கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு நடிகர் தெரிவு நடந்தது. இரவு ரயிலில் ஏறினேன். கல்லோயாச் சந்தியில் வண்டி நின்ற நேரமெல்லாம் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். விடியக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்த குழாயிலேயே முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போனேன். 2 நிமிடம் வாசிக்கச் சொன்னார்கள். "சரி, சொல்லுறம்" என்றார்கள். சொல்லவில்லை. 5 கிழமை தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

அந்த 5 கிழமையும் கொப்பி எழுதினேன். இப்போது எடுத்துப் பார்க்க வேதனையாக இருக்கிறது. நான் கட்டை. என் குரல் கரகரப்பு. என் பேச்சில் திருகோணமலை வாடை போகவில்லை. எனக்கு நடிப்பு வராது. ஒரு பக்கம் இல்லை, பதினைந்து பக்கம். தன்னைத்தான் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டு நான் செய்தது புண்ணைச் சொறிவது.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எழுதிய வசனத்தைப் பார்க்கச் சொல்வேன். "இரண்டாவது வசனத்தில் எனக்கு மூச்சு முட்டியது" என்று எழுதியிருந்தால் நாளைக் காலையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. "எனக்கு நடிப்பு வராது" என்று எழுதியிருந்தால் நாளைக்குச் செய்ய ஒன்றுமே இல்லை, படுத்துக் கிடக்கத்தான் முடியும். வேலை தராத வசனம் எழுதினால் அந்த இடத்திலேயே கொப்பியை மூடிவிட வேண்டும். இப்போது நான் தெரிவுக்குப் போய்வரும் வழியில், பஸ்ஸிலோ ரயிலிலோ இருக்கும்போதே எழுதி முடித்துவிடுவேன். என்ன கேட்டார்கள், என்ன செய்தேன், எந்த இடம் தட்டியது. வீட்டுப் படி ஏறும்போது அது முடிந்த கதை.

அந்த வேடம் ஏன் கிடைக்கவில்லை என்பது ஒரு வருடம் கழித்து அதில் வேலை செய்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். அண்ணன் வேடத்துக்கு ஏற்கெனவே ஒருவரை எடுத்திருந்தார்களாம். தம்பியாக நடிப்பவர் அவருடைய முகச்சாயலில் வேண்டுமாம். என் பதினைந்து பக்கத்தில் ஒரு வரிக்குக்கூட அதோடு தொடர்பில்லை.

அப்போது எனக்கு இருந்தது இளிவு. வேடம் போனதை விட, இல்லை என்று சொல்லக்கூட ஒருவரும் என்னை ஒரு ஆளாக மதிக்கவில்லையே என்பதுதான் நொந்தது. அதை நான் திறமைக் குறை என்று பிழையாகப் படித்துவிட்டேன். இளிவுக்கு மருந்து நம்மை மதிக்கிறவர்களோடு போய் இருப்பது, அவர்களோடு கதைப்பது. நானோ அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

வறுமையும் கூட இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பயணத்துக்கே கைமாற்று வாங்கியிருந்தேன். இதைப் பற்றி நடிகர்கள் வெளியில் கதைப்பதில்லை. காசில்லாத சோர்வைக் கலைச்சோர்வு என்று பெரிய பெயர் வைத்து மறைக்கிறோம். கடைக்காரரைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போகும் நிலையில் இருக்கிறவரிடம் "மனம் தளராதே, முயற்சி செய்" என்று பேசிப் பயனில்லை. அவருக்கு வேண்டியது மாதம் தவறாமல் வரும் ஒரு தொகை. கிழக்கில் கூத்தாடிய பெரியவர்கள் பகலில் வயலிலும் கடலிலும் நின்றவர்கள். இரவில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் மாதக்கணக்கில் ஆடிப் பழகி, சதங்கை கட்டி, பிறகு கூத்தாடும் களரி ஏறினார்கள். பகலில் வேறு தொழில் செய்ததால் அவர்களை யாரும் அரை நடிகர் என்று சொன்னதில்லை. நான் இன்று வகுப்பு எடுக்கிறேன், விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறேன், கலியாண வீடுகளில் அறிவிப்பும் செய்கிறேன். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அரிசி இருக்கிறது என்று தெரிந்தால்தான் தெரிவு மண்டபத்தில் கை நடுங்காமல் நிற்க முடிகிறது.

எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வந்த ஒரு தங்கச்சி ஒருநாள் பிந்தி வந்து வாசலிலேயே நின்றார்.

"அண்ணா, நான் இனி வரமாட்டன். எனக்கு இது சரிவராது."

"யாரும் ஏதும் சொன்னவையோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. அதுதான் அண்ணா."

பாடசாலையில் அவர்தான் எப்போதும் கதாநாயகி. தமிழ்த்தினப் போட்டி வந்தால் அவர் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். படிப்பு முடிந்து வெளியே வந்ததும் அந்த மேடை, அந்தக் கைதட்டல், "நீதான் பிள்ளை செய்யவேணும்" என்று சொன்ன ஆசிரியர், எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனது. இது அசைவு. இருந்த இடத்திலிருந்து சறுக்கிய தளர்ச்சி. இதற்கு ஆறுதல் சொன்னால் இன்னும் கூடும், ஏனென்றால் நாம் சொல்லும் ஒவ்வொரு புகழ்ச்சியும் பழைய இடத்தைத்தான் நினைவூட்டும். நான் அவரை மேடைக்குப் பின்னால் நிற்க வைத்தேன். ஆறு மாதம் உடை, ஒலி, திரை. அங்கிருந்து பார்க்கும்போது முன்னால் நிற்பவர்கள் எங்கே பொய் செய்கிறார்கள் என்று தெரியும். அவர் திரும்ப மேடைக்கு வந்தபோது பாடசாலைக் கதாநாயகி அவரிடம் இல்லை. நிதானமாக நடிக்கிற வேறு ஒருத்தி வந்திருந்தார்.

அசைவு பெரியவர்களையும் விடுவதில்லை. ரஷ்யாவின் ஸ்டனிஸ்லாவ்ஸ்கி 1898இல் மொஸ்கோ கலை அரங்கை நிறுவியவர்களில் ஒருவர். 1906இல் அந்தக் குழு ஜேர்மனி முதலிய நாடுகளுக்குப் போய்ப் பெரிய வரவேற்புப் பெற்றுத் திரும்பியது. அந்தக் கோடையில் அவருக்கு 43 வயது. பின்லாந்தின் கடற்கரைப் பாறையில் நாள்தோறும் போய் உட்கார்ந்து தன் வேடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். நடிப்பில் இருந்த சந்தோசம் எங்கே போனது என்பதுதான் அவருடைய கேள்வி. நோர்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகமொன்றில் டொக்டர் ஸ்டொக்மனாக அவர் புகழ்பெற்றிருந்தார். அந்த வேடத்தைத் தொடக்கத்தில் உயிர்ப்பித்த நினைவுகள் எப்போதோ கழன்றுபோய், கை அசைவும் நடையும் மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பதை அங்கே கண்டுகொண்டார். பிற்காலத்தில் உலகம் முழுவதும் படிக்கப்படும் அவருடைய நடிப்பு முறைக்கு வித்து அந்தப் பாறையில் விழுந்தது. கைதட்டல் குறையாமல் இருக்கும்போதே அவர் இதைக் கேட்டாரே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

கடலும் பாறையும் எங்களுக்கும் இருக்கின்றன. விடிய எழும்பி, பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் மேயும் வழியால் கோணேசர் கோயில்வரை ஏறுவேன். சம்பந்தர் கோணேசர்மீது பாடிய பதிகத்தில் ஒரு அடியை ஒரு மூச்சில் சொல்லிக்கொண்டு ஏறுவது என் பயிற்சி. எந்தச் சொல்லில் மூச்சு உடைகிறது என்று கவனித்து வைப்பேன். பிறகு அதே மூச்சில் இரண்டு அடி. மூதூர் நண்பர் ஒருவர் இதையே திருக்குறளை வைத்துக் கடற்கரையில் செய்கிறார். மாரியில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் வெளி நாடகங்கள் நின்றுவிடும், அழைப்பும் குறையும். திருக்கடலூர்ப் பக்கம் போனால் கடலுக்குப் போகாதவர்கள் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். அந்த மாதங்களில்தான் நான் பழைய பதிவுகளைப் பார்ப்பேன். நடித்த இரவே தொலைபேசியில் பதிவைப் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்வேன். அன்றிரவு பார்த்தால் நம் முகத்தையும் வயிற்றையும்தான் பார்ப்போம். நாலு நாள் கழித்துப் பார்த்தால் வேலை கண்ணில் படும்.

இன்னொன்றை நேராகச் சொல்கிறேன். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, விருப்பமான எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதற்குக் கொப்பி போதாது. அது நோயாக இருக்கலாம், நோய்க்கு வைத்தியரிடம் போக வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துத் தமிழில் கதைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருதரம் வந்தாலும் இரண்டு கிழமை பார்த்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள். நாடகம் முடிந்த இரவில் குடித்து ஆறுவது எங்கள் வட்டத்தில் வழக்கமாகிவிட்டது. நல்ல குரல்கள் இரண்டு அப்படிப் போனதை நான் கிட்ட இருந்து பார்த்தவன். அதை இழவு என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, நாடகம் இயக்குபவர்களிடமும் படம் எடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எடுக்காதவர்களுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். "இந்த முறை வேறு ஒருவரை எடுத்திருக்கிறோம்" என்ற ஒரு வரி போதும். முடிந்தால் காரணத்தையும் சொல்லுங்கள். நேரமில்லை என்பார்கள். போன முறை எங்கள் நாடகத்துக்கு வந்தவர்களில் 11 பேரை எடுக்க முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து ஏன் என்று சொன்னேன். ஒருவருக்கு உயரம், ஒருவருக்கு வயது, மூன்று பேருக்கு வசனம் பாடமில்லை. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் அடுத்த சனிக்கிழமையே வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.